முதலில் கச்சான் காற்றுக்கு வேலி, பிறகு பாத்தி: திருகோணமலை மணலில் 20 × 15 அடித் தோட்டம்

நாற்றுமேடையில் கண்ணுக்குப் பட்ட கன்றுகளை வாங்கிவந்து, வெறுமையாய்க் கிடக்கிற பக்கமெல்லாம் நட்டுவிடுவது. திருகோணமலையில் வீட்டுத்தோட்டம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மாரியில் நட்டவை தையிலும் மாசியிலும் காடாய் நிற்கும். வைகாசியில் கச்சான் காற்றுத் தொடங்கி இரண்டு கிழமைக்குள் இலை ஓரம் கருகும், பூக் கொட்டும், மீண்டும் மணல்தான் மிஞ்சும். கன்றில் பிழையில்லை. மேற்கிலிருந்து வரும் இந்த வறண்ட கச்சான் காற்று, கிணற்றில் ஏறும் உவர், தண்ணீரைப் பிடித்து வைக்காத மணல் என்று மூன்றும் சேர்ந்துதான் இங்கே தோட்டத்தின் அமைப்பைத் தீர்மானிக்கின்றன. அவற்றுக்கு விடை கண்டபின் எந்தச் செடி என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

கீழே உள்ள அளவுகள் உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு போன்ற கடலோர மணல் வளவு ஒன்றுக்கானவை. கிழக்கே வீடு, அதன் மேற்கில் பின்வளவு. கிழக்கு மேற்காக 20 அடி, வடக்குத் தெற்காக 15 அடி. மொத்தம் 300 சதுர அடி, அதாவது ஒரு பேர்ச்சுக்குக் கொஞ்சம் மேல்.

ஆவணியில் பார்க்க வேண்டியவை

மண்வெட்டி எடுக்க முதல் தண்ணீரைச் சோதியுங்கள். ஆவணி, புரட்டாதியில்தான் கிணறு ஆக வற்றி, உப்பு ஆகக் கூடி இருக்கும். மாசியில் குடிக்கக்கூடிய கிணறு ஆவணியில் நாக்கில் கரிக்கலாம். ஆய்வுகூடம் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு தட்டில் ஈரத்துணி விரித்து, ஒவ்வொன்றிலும் 50 பாசிப்பயறு போடுங்கள். ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதற்குச் சேமித்த மழைநீர் அல்லது போத்தல் தண்ணீர். மூன்றாம் நாள் முளைத்தவற்றை எண்ணி, வேரின் நீளத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பயமில்லை. கிணற்றுத் தண்ணீரில் வேர் கட்டையாக இருந்தால், எண்ணிக்கை குறையாவிட்டாலும் அதை எச்சரிக்கையாகவே எடுக்க வேண்டும். முளைக்கும்போது தாங்குகிற உப்பை, வளர்ந்து காய்க்கும்போது பல செடிகள் தாங்குவதில்லை. அப்படிப்பட்ட கிணறு என்றால் போஞ்சி, மிளகாய், தேசி மூன்றையும் நினைக்க வேண்டாம். கீரை, முருங்கை, சப்போட்டா ஓரளவு சமாளிக்கும்.

அடுத்தது மண். ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டி, மண்ணை ஒரு பிடி எடுத்து வினாகிரி சில துளி விடுங்கள். நுரைத்தால் சிப்பித்தூள் கலந்த சுண்ணாம்பு மணல். இதில் செடி இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் திணறும். நரம்பு பச்சையாக இருக்க, குருத்திலை மட்டும் மஞ்சளாகும். இதைப் பசளைக் குறை என்று எண்ணி யூரியா போடுகிறவர்கள் பலர். யூரியா இதற்கு மருந்தல்ல. மக்கிய எருவையும் செம்மண்ணையும் கூட்டுவதுதான் வழி. அதே குழியை மூடாமல் மழைக்காலம் வரை வைத்திருக்க முடிந்தால் இன்னும் நல்லது: கார்த்திகையில் அடியிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு ஊறி வருகிறது என்பது தெரியும். நிலமட்டத்துக்கு ஒரு அடிக்குள் வந்தால் பாத்தியை மேலும் உயர்த்த வேண்டும், பப்பாசியை விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது நிழல். திருகோணமலை வட அகலாங்கு எட்டரைப் பாகையில் இருப்பதால், உச்சிச் சூரியன் மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்து நிற்கும். சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை சற்று வடக்கே நிற்கும். 6 அடி உயரமான பொருளின் நண்பகல் நிழல் மார்கழியில் வடக்கு நோக்கி ஏறத்தாழ 3 அடி 9 அங்குலம். ஆனியில் தெற்கு நோக்கி ஒரு அடி 7 அங்குலம் மட்டும். ஆகவே உயரமானவை எல்லாம் வடக்கு ஓரத்துக்குப் போகட்டும். தெற்கு ஓரத்தில் முருங்கை நட்டால், முக்கியமான மாரிப் பயிர் முழுவதும் அதன் நிழலில் நிற்கும்.

மேற்கு ஓரம் 3 அடி

300 சதுர அடியில் 45 சதுர அடியை வேலிக்குக் கொடுப்பது பலருக்கு மனம் வராத காரியம். ஆனால் இந்த 3 அடி இல்லாவிட்டால் மீதி 17 அடியில் கச்சான் காலத்தில் எதுவும் நிலைக்காது.

காற்றை முழுதாக மறிக்கக் கூடாது, வடிக்க வேண்டும். முழு மதிலில் மோதும் காற்று மேலே ஏறி, உள்ளே சுழன்று விழும். மதிலுக்குப் பின்னால் சில அடி தள்ளிச் செடிகள் சாய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாதிக் காற்றை உள்ளே விடுகிற உயிர்வேலி, தன் உயரத்தைப்போல் பல மடங்கு தூரத்துக்குக் காற்றைத் தணிக்கும். ஏற்கனவே மதில் இருந்தால், அதற்கு மேல் 2 அடியாவது எழும்புமாறு உள்பக்கம் வேலி வளருங்கள்.

எல்லையிலிருந்து ஒரு அடி உள்ளே சீமைக்கிளுவை (கிளிரிசிடியா) கதியால் 11. கட்டை விரலை விடத் தடித்த, முற்றிய கொப்பு. 5 அடி நீளம். அடியைச் சரிவாக வெட்டி ஒரு அடி ஆழத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஐப்பசி முதல் மழையுடன் ஊன்றுங்கள். அலவாங்கால் முதலில் துளை போட்டுவிட்டு இறக்க வேண்டும்; அடித்து இறக்கினால் தோல் உரிந்து அழுகும். சீமைக்கிளுவையின் அடிப்பாகம் வெறுந்தண்டாக நிற்கும், காற்று அதனூடாகவே புகும். அந்த இடைவெளியை அடைக்க, உள்பக்கம் இரண்டரை அடிக்கு ஒன்றாக ஆடாதோடை 6. பெயரே சொல்வதுபோல ஆடு தொடாது. வரட்சியைத் தாங்கும், கொப்பு வெட்டி நட்டாலே வரும். செவ்வரத்தையைப் பலர் வேலிக்கு விரும்புவார்கள். அழகுதான்; ஆனால் அது வெண்மூட்டுப்பூச்சியின் (மாவுப்பூச்சியின்) தாய்வீடு. பக்கத்தில் பப்பாசி வைக்கும் எண்ணம் இருந்தால் செவ்வரத்தை வேலி வேண்டாம். அலரி உப்பையும் காற்றையும் நன்றாகத் தாங்கும், ஆனால் முழுச் செடியும் நஞ்சு. சிறுபிள்ளைகளும் ஆடும் உள்ள வளவில் வைக்க வேண்டாம்.

சீமைக்கிளுவையில் ஒரு சிக்கல் உண்டு. வெட்டாமல் விட்டால் மாசி, பங்குனியில் இலையுதிர்த்துப் பூக்கும், கச்சான் வரும் நேரம் வேலி மொட்டையாக இருக்கும். தைப்பொங்கல் முடிந்த கையோடு 5 அடியில் தறித்துவிட்டால் புதுக்கொப்பு எழும்பி, அது இலையோடு நிற்கும். தறித்த இலை தழைப்பசளை. வேரும் சும்மா இராது, பாத்திக்குள் நுழைந்து எருவைத் தின்னும். ஆண்டுக்கொருமுறை, வேலிக்கும் பாத்திக்கும் இடையிலுள்ள நடைபாதையில் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்வெட்டியை இறக்கி வேரை அறுத்துவிடுங்கள்.

முதல் ஆண்டு வேலி சிறிதாகத்தான் இருக்கும். அந்த ஒரு கச்சானுக்கு 50 சதவீத நிழல்வலையை, அல்லது இடைவெளி விட்டுக் கட்டிய கிடுகை, 6 அடி உயரத்தில் கட்டலாம். 8 அடித் தடி நான்கு, 5 அடிக்கு ஒன்று, 2 அடி மண்ணுக்குள். மணல் தடியைப் பிடிக்காது. கல் போட்டு இடித்து, மேற்குப் பக்கம் இழுவைக் கம்பியும் கட்ட வேண்டும். புரட்டாதி முடிய வலையைக் கழற்றிவிடுங்கள். வடகீழ்ப் பருவக்காற்றில் அது பாயாகி, தடியையும் பிடுங்கிக்கொண்டு பாத்தியில் விழும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கேதான். இந்தக் கரையில் கார்த்திகை, மார்கழிக்கு உயரமாக எதையும் தளர்வாகக் கட்டி வைக்கக் கூடாது.

நகருக்குள்ளும் பிரட்றிக் கோட்டையை அண்டியும் குடியிருப்போருக்கு இன்னொரு கணக்கு, புள்ளிமான். இரவில் வந்து ஒரே வாயில் பாத்தியை முடித்துவிடும். 4 அடி வேலி மானுக்கு வேலியே அல்ல. 6 அடி வேண்டும். படலையும் அதே உயரத்தில்.

மீதியைப் பிரிப்பது

மேற்கிலிருந்து கிழக்காக: வேலி 3 அடி, பாதை ஒன்றரை அடி, பாத்தி 4 அடி, பாதை ஒன்றரை அடி, பாத்தி 4 அடி, கைவண்டில் போக 2 அடிப் பாதை, வீட்டோரம் 4 அடி. கூட்டினால் 20. வடக்குத் தெற்காக: வடக்கே கொடிக்கும் மரத்துக்கும் 3 அடி, பாத்தி நீளம் 10 அடி, தெற்கே நடக்க 2 அடி. கூட்டினால் 15. பாத்தி 4 அடிக்கு மேல் அகலமானால் இரு பக்கத்திலிருந்தும் நடுவுக்குக் கை எட்டாது. பாத்திக்குள் காலை வைத்தால் மண் இறுகும்.

மணலில் வெறும் வரம்பு கார்த்திகை மழைக்கு நிற்காது. நான்கு அங்குலச் சீமெந்துக் கல்லைக் குத்தாக வைத்து, 2 அங்குலம் புதைத்து, 6 அங்குலம் வெளியே விட்டால் போதும். 16 அங்குல நீளக் கல் என்றால் ஒரு பாத்திக்கு 21. கல்லை 4 அடிக்கு உள்ளேதான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதை ஒடுங்கிவிடும். உள்ளே மண்ணுக்கு மிஞ்சுவது 3 அடி 4 அங்குலம். தென்னங்குற்றி மலிவு, ஆனால் கறையான் சீக்கிரமே தின்றுவிடும்.

பாத்தி நிரப்புவதில்தான் முழு உழைப்பும். ஒரு அடி ஆழம் மணலை அள்ளி வெளியே குவியுங்கள். அடியில் பொச்சுமட்டை இரண்டு அடுக்கு, குழிந்த உட்பக்கம் மேலே பார்க்க. ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 100 பாதிமட்டை வேண்டும். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் தாழ்த்தால் அது தண்ணீர்த் தொட்டிபோல வேலை செய்யும். காயக் காயத் தாழ்த்தால் கறையானை வரவேற்கும். மட்டை இரண்டு அடுக்கும் சேர்ந்து 6 அங்குலம். மேலே நிரப்ப ஒரு பாத்திக்கு ஏறத்தாழ 31 கன அடிக் கலவை: அள்ளிய மணல் 14, செம்மண் 8, மூன்று மாதம் மக்கிய மாட்டெரு 6, உமிக்கரி 3. கைவண்டில் ஒன்றுக்கு 2 கன அடி என்று கொண்டால் மணல் 7 வண்டில், செம்மண் 4, எரு 3, உமிக்கரி ஒன்றரை. கோழியெருவை மாட்டெருவின் அளவுக்குப் போடாதீர்கள். அதில் உப்பும் சூடும் அதிகம், கால்பங்கு போதும். தும்புச்சோறு (தென்னந்தும்பின் தூள்) சேர்ப்பதானால் மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிய பின்னரே. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தும்புச்சோறு நாற்றை ஒரு கிழமையில் கருக்கும். முதல் மழைகளுக்குப் பின் மண் இரண்டு அங்குலம் இறங்கும், அப்போது கூட்டெருவால் நிரப்புங்கள்.

எது எங்கே

முதற்பாத்தியில் கத்தரி 4, மிளகாய் 6. கத்தரிக்கு இரண்டரை அடி இடைவெளி, மிளகாய்க்கு ஒன்றரை அடி, இரண்டும் இரட்டை வரிசை. கத்தரியில் திண்ணவேலி ஊதா, மிளகாயில் எம்.ஐ. 2 போன்ற உள்ளூர் இனங்கள் இருக்க, பக்கற்றின் படத்தைப் பார்த்துக் குளிர்நாட்டு இனம் வாங்க வேண்டாம். இரண்டாம் பாத்தியில் ஒரு பாதி வெண்டி 8, மறுபாதி முளைக்கீரை. கீரையை ஒரே நாளில் விதைக்காமல், இரண்டு கிழமைக்கு ஒரு முறை ஒன்றரை அடித் துண்டு விதைத்தால், 25 நாள் கழித்து இடைவிடாமல் பிடுங்கலாம். அடுத்த மாரிக்கு இரு பாத்தியும் இடம் மாற வேண்டும். மணலில் வேர்முடிச்சுப் புழு பெருகும். பிடுங்கிய வெண்டியிலோ கத்தரியிலோ வேரில் மணிமணியாய் வீக்கம் கண்டால், அந்தப் பாதியில் ஒரு போகம் கச்சான்கடலை (நிலக்கடலை) போடுங்கள்.

வடக்கு ஓரத்தில் வடமேற்கு மூலைக்கு முருங்கை ஒன்று. 4 அடிக் கதியால். ஒவ்வொரு புரட்டாதியிலும் 4 அடியில் தறிக்க வேண்டும், அப்படியானால் காற்றில் முறியாது, காயும் கைக்கெட்டும். அடுத்து 6 அடி உயர நைலோன் வலையில் பாகல் 2, பயிற்றை 8. பாகற்பிஞ்சு 2 அங்குலம் ஆனதும் கடதாசிப் பை கட்டிவிடுங்கள். பழ ஈக்கு இதைவிட நம்பகமான தடுப்பு இல்லை. புடோலுக்குப் படர்ந்த பந்தல் வேண்டும், 3 அடி அகலத்தில் அதற்கு இடமில்லை. வடகிழக்கு மூலையில் பப்பாசி. ஒன்றரை அடி உயர மேட்டில், ஒரு குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்தபின் ஒன்றை மட்டும் விடுங்கள்: நீண்டு ஒடுங்கிய பூவுள்ளது இருபால் மரம், அதுதான் வேண்டும். பப்பாசி வெயிலை எல்லாம் தாங்கும். இரண்டு நாள் வேரில் தண்ணீர் நின்றால் செத்துப்போகும். அதனால்தான் மேடு.

வீட்டோரத்து 4 அடியை நிழலான இடம் என்று நினைத்து வல்லாரை வைப்பது வழமையான பிழை. அது மேற்கு நோக்கிய சுவர். பிற்பகல் வெயிலைக் குடித்து, பொழுதுபட்ட பின்னும் சூட்டைக் கக்கும். சுவரோடு ஒரு அடிக்குச் சல்லி போட்டுச் சும்மா விடுங்கள். மட்டையோ மூடாக்கோ சுவரைத் தொடக்கூடாது, கறையான் ஏறும். மீதி 3 அடியில் கறிவேப்பிலை, ரம்பை, கற்பூரவள்ளி, தூதுவளை. கறிவேப்பிலையில் முதல் ஆண்டு இலை பறிக்காமல் விட்டால் பிறகு 4 அடியில் வெட்டி வெட்டிக் காலம் முழுதும் எடுக்கலாம். வல்லாரையும் பொன்னாங்காணியும் வேண்டுமென்றால், அரிசி கழுவிய தண்ணீர் விழும் தெற்கு முனையில் 4 அடி உயரக் கிடுகுச் சாய்ப்பின் கீழ்.

தென்னை, மா, பலா இந்த அளவில் இல்லை. ஒரு தென்னைக்கும் அடுத்ததற்கும் 26 அடி விட வேண்டும் என்றால் முழு வளவுமே அதற்குத்தான்.

தண்ணீர்க் கணக்கு

இரு பாத்தியும் சேர்ந்து ஏறத்தாழ 5.8 சதுர மீற்றர் மண். வெயில் நாளில் 5 முதல் 6 மில்லிமீற்றர் வேண்டும் என்றால் 35 லீற்றர், கச்சான் நாளில் 50 லீற்றர். பத்து லீற்றர் வாளியில் ஐந்து. 400 சதுர அடிக் கூரையில் ஒரு அங்குல மழை 940 லீற்றர். கேட்க நிறையத் தோன்றும். ஆனால் ஆயிரம் லீற்றர்த் தாங்கி நிறைந்திருந்தாலும் கச்சானில் 20 நாளில் முடிந்துவிடும். அதனால் மழைநீரை நாற்றுக்கும் பூக்கும் மிளகாய்க்கும் மட்டும் ஒதுக்கி, மற்றதற்குக் கிணறு. உவர்க் கிணறானால் இலையில் படாமல் அடியில் ஊற்ற வேண்டும். நாளும் கொஞ்சம் தெளிப்பதை விட, நன்றாக நனைய ஊற்றி ஒரு நாள் விடுவது நல்லது. கொஞ்சமாக ஊற்றிய தண்ணீர் ஆவியாகி உப்பை மேலேயே விட்டுப்போகும். தாங்கியின் வாய்க்கு நுளம்பு வலை கட்டாயம். பூச்சாடித் தட்டைக் கிழமைக்கொருமுறை கவிழ்க்க வேண்டும். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

எந்த மாதம் எது

ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டிவிடும். வேலிக் கதியால், முருங்கை, கறிவேப்பிலை, பப்பாசி எல்லாம் ஐப்பசி முதல் மழையோடு. வெண்டி, கத்தரி, பயிற்றை அதே காலத்தில் உயர்த்திய பாத்தியில் நிற்கும். மிளகாயை அப்போது நட்டால் கார்த்திகை மழையில் வேரழுகும்; கார்த்திகை கடைசியில் கூரைக்குக் கீழே நாற்றுப் போட்டு, தை பிறக்க நடுங்கள். மழை ஓய்ந்த ஈரத்தில் வேரோடி, சித்திரை வரை காய்க்கும். கீரையும் தையில்தான் செழிக்கும். மார்கழி மழையில் விதை வழிந்துபோகும்.

மாரியில் ஆபிரிக்க நத்தை வரும். இரவில் ரோச் வெளிச்சத்தில் கையுறை போட்டுப் பொறுக்குங்கள். பாத்தியில் உப்புத் தூவ வேண்டாம். ஏற்கனவே உப்போடு போராடும் மண் அது. பங்குனியில் மிளகாய் இலை சுருளும். மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. தொடக்கத்திலேயே என்றால் இடித்த வேப்பம்விதை 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடித்து, சவர்க்காரம் கொஞ்சம் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படத் தெளிக்கலாம், கிழமைக்கு ஒரு தரம். முழுதாகச் சுருண்டு குறளையான செடியைக் காப்பாற்ற முயலாமல் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

வைகாசி பிறந்தால் தோட்டத்தைச் சுருக்க வேண்டும். மிளகாயும் பயிற்றையும் அந்தச் சூட்டில் பூவை உதிர்க்கும். எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. ஒரு பாத்தியை முழுதாக ஓய்வில் விட்டு, தம்பலகாமத்து வைக்கோலையோ காய்ந்த தென்னோலையையோ 3 அங்குலத்துக்கு மூடுங்கள். மற்றப் பாத்தியில் கத்தரியை முழங்காலுக்குக் கீழே வெட்டி, எரு போட்டு மூடாக்கிட்டால், மறுதளிர் விட்டு ஓரளவு காய்க்கும். மூடாக்கு தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். இந்த நான்கு மாதமும் கறிக்கு முருங்கை இலை, பொன்னாங்காணி, வெட்டிவிட்ட கத்தரி. ஆடியில் விழும் வேப்பம்பழத்தைப் பொறுக்கித் தோல் நீக்கி, விதையை நிழலில் உலர்த்திக் கட்டி வையுங்கள். அடுத்த பங்குனிக்கு அது வேண்டும். புரட்டாதி கடைசிக் கிழமையில் முருங்கையைத் தறித்து, வலையைக் கழற்றி, ஓய்ந்த பாத்தியின் மூடாக்கை மண்ணோடு கொத்தி, இரண்டு வண்டில் எரு போட்டு மழைக்கு விடுங்கள்.